சொல்வதும் செய்வதும்: கணக்கெடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புகிற வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதல் 4 வருடம் நானே நிரப்பினேன். அப்புறம் நிரப்பப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எந்த ஊரில் பயிற்சி நடந்தாலும் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் கை தூக்கி, "ஜனங்க சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணு. அப்புறம் எதுக்குக்கா போய்க் கேக்குறோம்?" என்பார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலேயே பத்துக் கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

மனப்பான்மை, மனப்பான்மைன்னு சொல்றீங்களே, அது கருத்துதானே அக்கா?

கிட்டத்தட்ட அதுதான். ஒரு பொருள், ஒரு ஆள், ஒரு பழக்கம் எதுவானாலும் அதன்மேல் நமக்கு இருக்கும் பிடிப்பு அல்லது வெறுப்பு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், இல்லையென்றால் ஊகிக்கலாம். நடத்தை கண்ணுக்குத் தெரிவது: கடைக்குப் பை எடுத்து வந்தாரா, ஹெல்மெட் போட்டாரா, ஓட்டுப் போட்ட மை விரலில் இருக்கிறதா. இதற்குமேல் இலக்கணம் தேவையில்லை.

ஒருத்தர் நினைக்கிறதைத்தானே செய்வார்? இதுல ஆராய என்ன இருக்கு?

90 வருடத்துக்கு முன்பு எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 1930இல் ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சீனாவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதியுடன் பயணம் போனார். அந்தக் காலத்து அமெரிக்காவில் சீனர்கள் குடியேறவே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். 1882இல் வந்த அந்தச் சட்டம் 1943 வரை நீடித்தது. ஆசியர்களைக் கண்டாலே ஆகாது என்று பெயரெடுத்த ஒரு சின்ன ஊர். அங்கே இருந்ததிலேயே நல்ல ஹோட்டலுக்கு இவர்கள் தயங்கித் தயங்கிப் போனார்கள். மறுபேச்சில்லாமல் அறை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அதே ஊர்ப் பக்கம் வந்த லாப்பியர் அந்த ஹோட்டலுக்குப் போன் போட்டு, "முக்கியமான சீனப் பிரமுகர் ஒருவர் வருகிறார், அறை கிடைக்குமா?" என்று கேட்டார். முகத்திலடித்த மாதிரி 'முடியாது' என்று பதில் வந்தது.

அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. அடுத்த இரண்டு வருடத்தில் அதே தம்பதியுடன் காரில் சுமார் 10,000 மைல் சுற்றினார். தங்குமிடம், உணவகம் என்று 251 இடங்கள். எங்கே எப்படி நடத்தினார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார், அந்தத் தம்பதியிடம்கூடச் சொல்லாமல். பல இடங்களில் பெட்டியைப் பார்க்கிற சாக்கில் இவர் பின்தங்கி நின்றுகொண்டு அவர்களையே முதலில் பேச விட்டார். 'இடமில்லை' என்று சொன்னது ஒரே ஓர் இடம். ஆறு மாதம் போனதும் அத்தனை இடங்களுக்கும் கடிதம் எழுதினார்: "சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா?" 128 பேர் பதில் போட்டார்கள். உணவகங்களில் 92 சதவீதம், தங்குமிடங்களில் 91 சதவீதம் 'மாட்டோம்' என்றன. மிச்சப் பேரில் அநேகமாக எல்லோரும் 'நிலைமையைப் பொறுத்தது'. 1934இல் இது கட்டுரையாக வந்தது. நாம் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற கேள்வித்தாளுக்கு விழுந்த முதல் பெரிய அடி இதுதான்.

அப்போ அந்த ஹோட்டல்காரங்க எல்லாம் கடிதத்துல பொய் எழுதினாங்களா?

இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எதிரே வந்து நின்றவர்கள் யார் என்று பாருங்கள். நல்ல உடை உடுத்திய இளம் தம்பதி, சிரித்த முகம், தெளிவான ஆங்கிலம், கையில் நல்ல பெட்டி, கூடவே ஒரு வெள்ளையர். கடிதத்தில் வந்ததோ 'சீன இனத்தவர்' என்ற வெறும் வார்த்தை. அதைப் படித்த முதலாளி மனதில் ஓடியது தான் கேள்விப்பட்டிருந்த, பயந்துவைத்திருந்த ஏதோ ஓர் உருவம். இரண்டு வேறு ஆட்களைப் பற்றிய இரண்டு பதில்கள் அவை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வாசலில் வரவேற்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆளா என்று யாருக்குத் தெரியும்? வரவேற்றவர் சர்வராக இருக்கலாம், எழுதியவர் முதலாளியாக இருக்கலாம். நம் வேலையிலும் இது தினம் நடக்கிறது. குடும்பத்தலைவர் என்று பெயர் எழுதிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பியிடம் கேள்வி கேட்டு முடித்துவிட்டு வந்து நிற்பீர்கள். அது லாப்பியர் செய்த தப்புதான். அவராவது புது விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இது ஒரே ஒரு பழைய கதை. வேற ஆதாரம் இருக்கா?

நிறைய. 1937இல் ஸ்டீபன் கோரி என்பவர் கல்லூரி மாணவர்களிடம் பரீட்சையில் ஏமாற்றுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கினார். பிறகு சரி–தவறு வகைத் தேர்வு வைத்தார். விடைத்தாளை யாருக்கும் தெரியாமல் திருத்தி மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, மாணவர்கள் கையிலேயே கொடுத்து 'நீங்களே திருத்துங்கள்' என்றார். ஏமாற்றுவதை வன்மையாகக் கண்டித்தவரும் பரவாயில்லை என்றவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் திருடியிருந்தார்கள். யார் திருடுவார் என்பது கொள்கையைவிட, எத்தனை விடை தப்பாகப் போயிருந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது. மார்க் குறைந்தவன் கை நீண்டது.

1969இல் ஆலன் விக்கர் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். மனப்பான்மைக்கும் செயலுக்கும் உள்ள ஒட்டுறவு 0.30ஐத் தாண்டுவதே அபூர்வம், பல ஆய்வுகளில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது என்றார். மனப்பான்மை என்ற கருத்தையே மூட்டை கட்டிவிடலாமா என்று யோசிக்கிற நிலைமை வந்தது.

இந்த 0.30ன்னா என்னக்கா? கணக்குல நான் வீக்.

இரண்டு விஷயம் முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0. 0.30 என்றால் கொஞ்சம் ஒட்டுகிறது என்று அர்த்தம். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 0.09 வரும். அதாவது ஆளுக்கு ஆள் செயல் மாறுவதில் 9 சதவீதத்தைத்தான் மனப்பான்மையை வைத்து விளக்க முடிகிறது, மீதி 91 வேறெங்கோ இருக்கிறது. கீழே 'ஒட்டியது' என்று சொல்லி வரும் எண்களுக்கும் இதே கணக்குதான்.

அப்ப கேள்வித்தாளையே தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். பழுது கேள்வி கேட்ட விதத்தில் இருந்தது. ஃபிஷ்பைன், அய்சன் என்ற இரண்டு பேர் 1970களில் இதை உடைத்துக் காட்டினார்கள். செயல் எப்போதும் குறிப்பானது: இன்ன ஆள், இன்ன பொருளை, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் செய்கிறார். கேள்வியோ பொத்தாம்பொதுவாக இருந்தது. சீனர்களைப் பிடிக்குமா, சுற்றுச்சூழல் முக்கியமா என்கிற மாதிரி. வேட்டி அளவை வைத்துச் சட்டை தைத்துவிட்டு, பொருந்தவில்லை என்று துணியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் 1979இல் டேவிட்சனும் ஜக்கார்டும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கப் பெண்கள் அடுத்த இரண்டு வருடத்தில் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்தார்கள். 'கருத்தடை பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்ற கேள்விக்கு வந்த பதில் செயலோடு ஒட்டியது 0.08 அளவுக்கு. ஒன்றுமே இல்லை. 'கருத்தடை மாத்திரை பற்றி' என்று கேட்டபோது 0.32. 'நீங்கள் மாத்திரை சாப்பிடுவது பற்றி' என்றபோது 0.53. 'அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் சாப்பிடுவது பற்றி' என்றபோது 0.57. கேட்டது அதே பெண்களிடம், மாறியது கேள்வி மட்டும்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்தால்: 'பிளாஸ்டிக் கெடுதலா?' என்று கேட்டால் தமிழ்நாட்டில் 'ஆமாம்' சொல்லாத ஆள் கிடைக்க மாட்டார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் எல்லாம் வந்தாயிற்று. பதில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். 'வேலை முடிந்து வரும் வழியில் காய்கறி வாங்க நேர்ந்தால், கையில் பை இருக்குமா?' என்று கேளுங்கள். அங்கேதான் ஆளுக்கு ஆள் பதில் மாறும். நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்.

எங்க தாத்தா பெரிய பக்திமான். ஆனா கோயிலுக்கே போனதில்ல. இதை எந்தக் கணக்குல சேர்க்குறது?

இது எல்லாப் பயிற்சியிலும் ஏதோ ஒரு வடிவத்தில் வரும். சில இடத்தில் தாத்தா, சில இடத்தில் மாமியார். ஒரே ஒரு செயலை வைத்து ஒருவருடைய மனப்பான்மையை எடைபோட முடியாது. தாத்தாவுக்கு மூட்டு வலியாக இருக்கலாம், கோயில் நிர்வாகியோடு தகராறு இருக்கலாம். ஆனால் அவர் விரதம் இருப்பார், வீட்டில் விளக்கேற்றுவார், சூடம் காட்டாமல் புது வண்டியை எடுக்க விடமாட்டார்.

முன்பு சொன்ன அதே ஃபிஷ்பைனும் அய்சனும் 1974இல் மதம் சார்ந்த 100 செயல்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். மத நம்பிக்கை பற்றிய பொதுவான மனப்பான்மை தனித்தனிச் செயலோடு 0.15 அளவில்தான் ஒட்டியது. 100ஐயும் கூட்டி ஒரே எண்ணாக்கியபோது 0.6ஐத் தாண்டியது. பொதுவான கேள்விக்குப் பொதுவான கணக்கு, குறிப்பான கேள்விக்குக் குறிப்பான செயல். இரண்டையும் கலந்தால்தான் குழப்பம்.

ஹோட்டல்காரங்க கெட்டது சொல்லி நல்லது செஞ்சாங்க. நம்ம ஆளுங்க நல்லது சொல்லி கெட்டதுல்ல செய்றாங்க?

நம் ஆட்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் டீவா பேஜர் என்ற ஆய்வாளர் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு, நன்றாகப் பயிற்சி கொடுத்த இளைஞர்களை விண்ணப்பதாரர்கள்போல அனுப்பினார். ஒரே மாதிரித் தகுதி, தோல் நிறம் மட்டும் வேறு. சிலர் சிறை சென்றவர்கள் என்று விண்ணப்பத்தில் இருக்கும். சிறை சென்ற வெள்ளையருக்கு 17 சதவீதம் இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. சிறை சென்ற கறுப்பருக்கு 5 சதவீதம். சிறைப் பக்கமே போகாத கறுப்பருக்கும்கூட 14தான். பிறகு அதே நிறுவனங்களுக்குப் போன் போட்டுக் கேட்டபோது, போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றவரை எடுக்கத் தயார் என்று 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். கறுப்பரா வெள்ளையரா என்ற பேதமே பதிலில் இல்லை. பேஜரும் லிங்கன் குவிலியனும் 2005இல் இதை எழுதினார்கள். லாப்பியர் கண்டதற்கு நேர் தலைகீழ். எதைச் சொன்னால் மரியாதை என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1930களில் 'மாட்டோம்' என்று எழுதுவதில் யாருக்கும் கூச்சமில்லை, இப்போது கூச்சம் வந்துவிட்டது.

இந்தியாவில் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் இதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இது 2007இல் வெளியானது. அதே வருடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரீன் நியூமனும் ஆள் எடுக்கும் அதிகாரிகளை நேரில் பார்த்துப் பேசி எழுதினார்கள். 'எங்களுக்குத் திறமை ஒன்றுதான் அளவுகோல்' என்றார்கள் அதிகாரிகள். கூடவே, நேர்காணலில் குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் அவர்களே சொன்னார்கள். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று இதற்குத்தான் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்த அதிகாரிகளில் பாதிப் பேர் தாங்கள் எதையும் இடிப்பதாகவே நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம்.

இப்படிக் கூச்சமான விஷயத்தை நேரா கேட்டா எவன் ஒத்துக்குவான்?

ஒத்துக்கொள்வார்கள், கேள்வி கீழே இறங்கி வந்தால். 2011–12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் நாடு முழுக்க 42,000 வீடுகளில் தீண்டாமை பற்றிக் கேட்டார்கள். முதலில் 'உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா?' இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி: 'தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா?' முதல் கேள்விக்கு 'இல்லை' சொன்ன ஒரு பகுதியினர் இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சுமார் 27 சதவீத வீடுகள். 'தீண்டாமை' என்பது சட்டப் புத்தகச் சொல், சமையலறை அவரவர் வீட்டில் இருக்கிறது.

கழிப்பறை இருக்கு, எல்லாரும் பயன்படுத்துறோம்னு சொல்றாங்க. அப்படியே எழுதிக்கலாமா?

வேடசந்தூர் பக்கம் ஓர் ஊரில் நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா, வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தில் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். "போறோம்மா, எல்லாருந்தான் போறோம்" என்றார். நானும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டேன். அவர் உள்ளே போன நேரத்தில் பக்கவாட்டில் இருந்த கழிப்பறையைப் பார்த்தேன். பூட்டு தொங்கியது, துருப்பிடித்த பூட்டு. கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் தேங்காய் மட்டையும் உர மூட்டையின் காதும் தெரிந்தன. அவர் சொம்போடு வந்து நான் பார்ப்பதைப் பார்த்தார். வெட்கப்படவில்லை. "மருமக ஊருல இருந்து வந்தா எடுத்துப் போட்டுத் தொறந்து விட்ருவேன். மழ நேரத்துல நானும் போவேன். இவுக எங்க போறாக, காட்டுப் பக்கந்தான். குழி ரொம்பிருச்சுன்னா யாரு அள்ளுறது?" என்றார்.

அவர் பொய் சொன்னாரா? அவர் காதில் விழுந்த கேள்வி 'உங்க வீடு கௌரவமான வீடுதானே?' என்பது. அதற்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். பீகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து வடமாநிலங்களில் 2013–14இல் நடந்த ஓர் ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது ஒருவராவது வெளியே போகிறார் என்று தெரிந்தது. வீட்டுக்கு மொத்தமாக ஒரு கேள்வி கேட்பதை விட்டு, ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக் கேட்கும்போது உண்மை கூடுதலாக வெளியே வருகிறது என்பதும் பிறகு சோதித்துப் பார்க்கப்பட்டது. அதனால்தான் இப்போது நம் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் தனி வரி. 'இத்தனை வரியா' என்று நீங்கள் அலுத்துக்கொள்கிற அந்தப் பக்கம் வேடசந்தூர் அம்மா போட்ட பக்கம்.

நிஜமாவே நல்ல மனசு உள்ளவங்க கூட சில நேரம் உதவாம போறாங்களே, அது ஏன்?

அவசரம். பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சிக்குப் படித்த 40 மாணவர்களை டார்லியும் பேட்சனும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கே போய்ப் பேச வேண்டும் என்று சொல்லி. சிலருக்குக் கொடுத்த தலைப்பே பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்டவன் கதை. போகிற வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு கிடந்து இருமி முனகுவார், அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். 'நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் நின்று உதவினார்கள். 'ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார் என்பது பெரிதாக மாற்றம் எதையும் செய்யவில்லை. 1973இல் வந்த ஆய்வு இது. சமாரியன் கதையைச் சொல்லப் போகிற அவசரத்தில் கீழே கிடந்தவரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு.

யாரோட பேச்சு செயலோட அதிகமா ஒட்டும்? அதைத் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பட்டவர் பேச்சு ஒட்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் விடுதி போதாமல், புது மாணவர்கள் சிலர் வாரக்கணக்கில் பொதுக்கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். அறை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் இருவருமே நிர்வாகத்தின்மேல் ஒரே அளவு கோபத்தில்தான் இருந்தார்கள். கையெழுத்துப் போடு, கூட்டத்துக்கு வா என்றபோது, சொன்னபடி நடந்துகொண்டதில் கூடத்தில் படுத்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். 1977இல் ரீகனும் ஃபேசியோவும் எழுதியது. தன் தலைக்கு வருகிற விஷயமும் ஒட்டும். 1978இல் மிச்சிகனில் மது அருந்தும் வயதை 21ஆக உயர்த்த வாக்கெடுப்பு நடந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்புதான். ஆனால் எதிர்த்துப் போன் பிரசாரம் செய்ய வருவீர்களா என்றால், சட்டத்தால் இரண்டு வருடமாவது பாதிக்கப்படும் இளையவர்களில் 47 சதவீதம் ஒப்புக்கொண்டார்கள், பாதிப்பே இல்லாத மூத்தவர்களில் 12.

இன்னொன்று, விளையாட்டுப் போல இருக்கும். 1976இல் மாணவர்களைத் தனியறையில் தேர்வு எழுத வைத்து, மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாதாரண அறையில் 71 சதவீதம் பேர் மணிக்குப் பிறகும் எழுதினார்கள். எதிரே கண்ணாடி வைத்து, அவர்கள் குரலையே ஒலிநாடாவில் ஓடவிட்ட அறையில் 7 சதவீதம். தன் முகம் தனக்குத் தெரிந்தால் கொள்கை ஞாபகம் வருகிறது.

நான் திங்கள்கிழமைல இருந்து வாக்கிங் போறேன்னு நாலு வருஷமா சொல்றேன். நான் பொய்யனா?

நீ நல்லவன்தான் தம்பி, உன்னிடம் நேரமும் இடமும் குறிக்கப்படவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாணவர்கள் மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இரண்டாவது பிரிவுக்கு உடற்பயிற்சியால் இதயத்துக்கு என்ன நன்மை என்று படிக்கக் கொடுத்தார்கள். ஆசை கூடியது, செய்தவர்கள் 35. மூன்றாவது பிரிவுக்கும் அதையே கொடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதச் சொன்னார்கள். 91.

விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி முடித்ததும் 'உங்கள் எண்ணம் மாறியதா' என்று கேட்டுப் படிவம் நிரப்பி வாங்குகிற அமைப்புகளுக்கு இந்த 38, 35, 91ஐ எழுதி அனுப்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதல்ல மனசை மாத்தணுமா, இல்ல சட்டம் போட்டுச் செய்ய வெச்சா மனசு தானா மாறுமா?

இரண்டாவதும் நடக்கும். 1959இல் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களை ஒரு மணி நேரம் மகா அலுப்பான வேலை செய்ய வைத்தார்கள். பிறகு, வெளியே காத்திருப்பவரிடம் 'வேலை ரொம்ப சுவாரசியம்' என்று சொல்லச் சொல்லிச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர் கொடுத்தார்கள். 20 வாங்கியவர்கள் பின்னால் கேட்டபோது வேலை அலுப்புதான் என்றார்கள். 1 வாங்கியவர்கள் உண்மையிலேயே பரவாயில்லை என்றார்கள். ஒரு டாலருக்கா பொய் சொன்னோம் என்று மனசு கணக்குப் போட்டுப் பார்த்து, பொய்யையே மெய்யாக்கிக்கொண்டது.

ஆனால் இதை வைத்து 'அபராதம் போட்டால் எல்லாம் சரியாகும்' என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். அபராதம் 20 டாலர் மாதிரி. 'போலீஸுக்காகத்தான் செய்தேன்' என்று காரணம் கையிலேயே இருக்கிறது, மனசு மாற அவசியமே இல்லாமல் போகும்.

அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்னபடி நடக்குறீங்களா?

போன மாதம் வரை என் ஸ்கூட்டியின் முன் கொக்கியில்தான் ஹெல்மெட் தொங்கும். சாலைப் பாதுகாப்புக் கணக்கெடுப்புக்கு நான்தான் மேற்பார்வை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரவுண்டானாவுக்கு நூறு அடி இருக்கும்போது எடுத்து மாட்டி, தாண்டியதும் கழற்றுவேன். 'ஹெல்மெட் உயிர் காக்கும் என்று நம்புகிறீர்களா' என்று கேட்டிருந்தால் முழு மனதோடு 'ஆமாம்' என்றிருப்பேன். ஒருநாள் பயிற்சிக்கு வந்த பெண் பின்சீட்டில் இருந்துகொண்டு, "அக்கா, இப்ப எந்தக் கேள்விக்குப் பதில் சொல்றீங்க?" என்றாள். இப்போது வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுகிறேன், பெரும்பாலும். பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போகும்போது இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேக்க நேரம் இருக்குன்னா எதைக் கேக்குறது?

'கடைசியா எப்ப?' என்று கேளுங்கள். வழக்கமாக, பொதுவாக, எப்போதாவது என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். கடைசியாகக் கடைக்குப் போனபோது, நேற்றுக் காலையில், போன தேர்தலில். நாள் குறிப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். யோசிக்கிற அந்த நேரத்தில் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் கேளுங்கள், அவர் உள்ளே போய் வரட்டும்.